ஓடி முடியாத ஓட்டம்

விளையாட்டுகளின் விதிநூல்களை வாசிப்பதில் எனக்கு நெடுநாளாக ஓர் ஈடுபாடு உண்டு. மனிதன் எவ்வெவ்வழிகளில் தவறக்கூடும் என்பதை முன்னரே சிந்தித்து எழுதப்பட்ட ஏடுகள் அல்லவா அவை! அமெரிக்கக் கால்பந்தின் விதிநூலும் அத்தகையதே. அவ்வாட்டத்தில் பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்க வேண்டும். கடக்க விடாது தடுப்பது தற்காப்பு அணியின் பணி. தடுப்போர் நெறி தவறினால் 5 கஜம், 10 கஜம், 15 கஜம் எனத் தண்டனை அளந்து வைக்கப்பட்டுள்ளது.

ஆனால், அளவுகோலுக்கு அடங்காத குற்றத்திற்கென்றும் அங்கே ஒரு விதி உண்டு. அப்பட்டமான அநீதி நிகழ்ந்தால், தாம் நியாயமெனக் கருதும் தண்டனையை நடுவர் விதிக்கலாம்; வேண்டுமானால் புள்ளிகளையே வழங்கலாம். மிக அரிதாகவே இவ்விதி கையாளப்படுகிறது.

1954 ஜனவரி முதல் நாள், டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் ரைஸ், அலபாமா பல்கலைக்கழக அணிகள் மோதின. ரைஸ் வீரர் டிக்கி மோகிள் தம் அணியின் 5 கஜக் கோட்டருகிலிருந்து பந்துடன் ஓடினார். அவரைப் பிடிக்க எவருமில்லை. அப்போது, களத்திற்கு வெளியே அமர்ந்திருந்த அலபாமா வீரர் டாமி லூயிஸ், தலைக்கவசமும் இன்றிப் பாய்ந்து வந்து அவரை வீழ்த்தினார். நடுவர் கிளிஃப் ஷா கஜக் கணக்குப் பார்க்கவில்லை. ஓடி முடியாத அந்த ஓட்டத்தை, 95 கஜமும் ஓடி எல்லை கடந்ததாகவே அறிவித்தார். ரைஸ் 28–6 என வென்றது.

2025 ஜனவரியில் பிலடெல்பியாவிலும் இவ்விதி நினைவூட்டப்பட்டது. எல்லைக்கோட்டின் அருகே வாஷிங்டன் அணியின் தற்காப்பு வீரர்கள், பந்து நகருமுன்னரே மீண்டும் மீண்டும் எதிர்ப்பக்கம் பாய்ந்தனர். எஞ்சிய தூரமே மிகச் சிறிது. அதில் பாதி தண்டனையாகப் போனால் அவர்களுக்கு என்ன இழப்பு? இனியும் இது தொடர்ந்தால் புள்ளிகளையே வழங்க நேரிடும் என நடுவர் எச்சரித்தார்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் என்னைச் சிந்திக்க வைக்கின்றன. தண்டித்தல் வேறு, ஈடுசெய்தல் வேறு. தண்டனை தவறியவனை நோக்குகிறது; ஈடுசெய்தலோ இழந்தவனை நோக்குகிறது. லூயிஸ் தீயவர் அல்லர். தம் உள்ளம் அலபாமாவால் நிரம்பியிருந்ததே காரணம் என்றார். இடைவேளையில் ரைஸ் அணியிடம் மன்னிப்பும் வேண்டினார். எனினும் அந்த மன்னிப்பு மட்டும் மோகிளின் ஓட்டத்தைத் திருப்பித் தந்திராது. அன்பின் மிகுதியால் செய்தாலும் இழப்பு இழப்பே.

ஒப்புரவு அருட்சாதனத்தில் நமக்குப் பணிக்கப்படும் செபங்களைச் சொல்லி முடித்ததும், கணக்குத் தீர்ந்ததென எழுந்துவிடுகிறோம். ஆனால் திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கவும், கெடுத்த நற்பெயரைச் சீர்செய்யவும் திருச்சபை நம்மைப் பணிக்கிறது. சக்கேயு, தன் இல்லத்திற்கு மீட்பர் வந்த மகிழ்ச்சியில், ஏய்த்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தான். எவரும் அளந்து சொல்லாத அளவு அது.

சொத்துப் பிரிக்கையில் தங்கைக்குக் குறைத்த பங்கும், கூலியாளுக்குப் பிடித்துக்கொண்ட ஊதியமும் எத்தனை செபங்களுக்குச் சமமாகும்? நம்மால் இடறி விழுந்தவர் எழுந்து, எட்டவேண்டிய எல்லையை எட்டும்வரை நமது மனவருத்தம் பாதி வழியிலேயே நிற்கிறது.