இரத்தம் வந்தால்தான் இஞ்சரியா?

ஒன்ராறியோ தொழிற்சாலைகளில் நம்மவர் காதில் அடிக்கடி விழுகிற கேள்வி, 'எனி இஞ்சரி?' பதிலும் எப்போதும் ஒன்றுதான்: 'நோ'. சூப்பர்வைசர் இல்லை என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். யாழ்ப்பாணத் தமிழில் 'நோ' என்றால் வலி என்பது அவருக்கு எங்கே தெரியப்போகிறது!

பகிடியை விடுவோம். இஞ்சரி என்றால் நமக்குக் காயம். காயம் என்றால் இரத்தம். உடம்பில் ஷெல் பீஸோடு விமானம் ஏறி வந்தவர்கள் வாழுகிற சமூகம் இது. அவர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மணிக்கட்டு நோகுது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஸ்காபுறோவில் பெட்டி அடைக்கும் வேலைக்குப் போகிறார். வலது பெருவிரலின் அடியில் வீக்கம். விடியவே சித்தாலேப பூசி, பழைய சீலைத் துண்டால் சுற்றி, அதற்கு மேல் கையுறை போடுவார். தேத்தண்ணிக் கோப்பையை இடக்கையால்தான் தூக்குவார்.

"இஞ்சரி எண்டு எழுதிக் குடுங்கோவன் அக்கா."

"விழவுமில்லை, வெட்டவுமில்லை. என்னெண்டு எழுதுறது தம்பி? பிறகு ஏஜென்சிக்காரன் வேலைக்குக் கூப்பிடமாட்டான்."

அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் விழவில்லை, வெட்டவில்லை என்ற கணக்குப் பிழை. ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்து மெல்ல மெல்ல வருகிற தசைநார் அழற்சிக்கும் இங்கே நட்டஈடு கோரலாம். நீதிபதி வில்லியம் மெரடித்தின் அறிக்கையை வைத்து 1914இல் இயற்றிய சட்டத்திலிருந்து தொடரும் பேரம் இது: தொழிலாளி முதலாளிமேல் வழக்குப் போடுவதில்லை, பதிலுக்கு, பிழை யாருடையது என்று பாராமல் நட்டஈடு. வழக்குப் போடும் உரிமையை எப்போதோ கொடுத்தாயிற்று. அதற்கு ஈடாகக் கிடைப்பதையும் வாங்காமல் விட்டால் முழு நட்டம் நமக்குத்தான். கோரிக்கையை ஏற்றுக்கொண்டால், இழந்த நிகர வருமானத்தில் 85 வீதம் கிடைக்கும். கோரவிடாமல் மிரட்டுவது சட்டவிரோதம். ஆனால் பேசாமலே கூப்பிடாமல் விடுகிறவனைப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

அதனால் டொக்டரிடம் போகும் முதல் நாளே, 'இது வேலையால் வந்த நோ' என்று சொல்லிப் பதியச் செய்யுங்கள். கோரிக்கைப் படிவத்தை அனுப்பப் பொதுவாக ஆறு மாதம்தான் அவகாசம்.