கற்பிட்டியில் ஒரு காற்றுப் பாடம்

இலங்கையின் மேற்குக் கரையில், புத்தளம் களப்பை அணைத்து நீண்டு கிடக்கும் கற்பிட்டிக்குச் சென்றிருந்தோம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இங்கு வலுத்து வீசும். பெரும் பட்டத்தை இடுப்புக் கச்சையில் பிணைத்து, பலகை மீது நீரைக் கிழித்தோடும் விளையாட்டைப் பயில இளைஞர் பலர் வருகின்றனர்.

“நண்பர் இலவசமாகக் கற்பிக்கையில் பயிற்சிப் பள்ளிக்குப் பணம் எதற்கு?” என வினவினான் எம் குடும்பத்து இளைஞன்.

காற்றின் திசையறிதலையும், சிறு பட்டத்தை மணலில் நின்று இயக்குதலையும் நண்பரிடமே பயிலலாம். ஆயின், ஏறத்தாழ 20 மீட்டர் கயிறுகளில் எழும் பெரும் பட்டம் ஒரு கணப் பிழையில் ஆளையே தூக்கியெறிய வல்லது. அக்கணமே பிணைப்பை விடுவிக்கக் கை பழகியிருத்தல் வேண்டும். அதனைப் படிப்படியாகப் பழக்கும் தேர்ந்த ஆசிரியருக்கு ஈயும் பொருள் வீண் செலவன்று.

மணல் வரை நட்பு போதும். நீரில் இறங்க ஆசான் வேண்டும் என்றோம். அவனும் இசைந்தான்.