ஓதம் பார்த்துக் காடு ஏறுவோர்

கோஸ்டா ரிக்காவின் கொர்கோவாடோ தேசியப் பூங்காவுக்குக் கப்பலில் வருபவர்கள் நனையாமல் கரையேற முடியாது. அங்கே துறைமேடை இல்லை. சிறு கப்பல் ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் காற்றடைத்த ரப்பர் படகில் ஏறி, கரையோரத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். அதனால் மழைக்காட்டைக் காட்டப் போகும் வழிகாட்டி முதலில் புரட்டுவது பறவைப் புத்தகத்தை அல்ல, ஓத அட்டவணையை.

பசிபிக் பக்கத்தில் ஓதம் பெரியது. கொர்கோவாடோ இருக்கும் ஓசா தீபகற்பத்தில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஏறத்தாழ 3 மீட்டர் வித்தியாசம் இருக்கும். வற்றில் தலைகாட்டும் பாறைகள் ஏற்றத்தில் மறைந்துவிடும். பூங்காவுக்குள் ஓடும் சிரேனா ஆற்றின் கழிமுகத்தில் முதலைகள் உண்டு. ஏற்றத்தோடு காளைச் சுறாக்களும் ஆற்றுக்குள் ஏறும். பனாமா கால்வாயைக் கடந்து கரீபியன் பக்கம் போய்விட்டால் ஓதம் அரை மீட்டரைக்கூட எட்டாது. பசிபிக் கரையில் காலை உணவு நேரத்தையே தீர்மானித்த அட்டவணைக்கு அங்கே அவ்வளவு வேலை இல்லை.

இறக்கிவிடுவதே ஒரு கலை. அலைகள் கூட்டங்கூட்டமாக வரும். பெரிய அலைகள் சில வந்து போனதும் சற்றுத் தணியும். படகோட்டி அந்த இடைவெளிக்காகக் காத்திருப்பார். அமைதியான கரையென்றால் மூக்கை மணலில் ஏற்றலாம். அலை உடையும் கரையென்றால் படகைத் திருப்பி, மூக்கு கடலைப் பார்க்க, பின்பக்கமாக ஆட்களை இறக்குவார்கள். கைகொடுக்கும்போது உள்ளங்கையைப் பிடிப்பதில்லை. முன்கையை முன்கை பற்றும். ஈரத்தில் விரல் வழுக்கும், முன்கை வழுக்காது.

கரையேறியதும் அதே ஓதம் வேறு விதத்தில் உதவுகிறது. மத்திய அமெரிக்காவின் மிகப் பெரிய தரைப் பாலூட்டியான பேர்டு டாப்பிர் இரவிலும் விடியலிலும் கடற்கரைக்கு வந்து போகும். முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. ஏற்றக் கோட்டுக்குக் கீழே ஈர மணலில் அந்தத் தடம் தெரிந்தால், தண்ணீர் வடிந்த பிறகே விலங்கு நடந்திருக்கிறது. கோட்டுக்கு மேலே இருந்தால் நேற்றையதாகவும் இருக்கலாம். எந்தத் தடத்தைத் தொடர்வது, எதை விடுவது என்று மணலிலேயே முடிவாகிவிடும்.

காட்டுக்குள் விலங்கைத் தேடுவதைவிட அதன் கூட்டாளியைத் தேடுவது பலன் தரும். எறும்புப் பறவைகள் தாழ்வாகக் கூடிக் கத்தினால், கீழே படையெறும்புகள் நகர்கின்றன. அவற்றுக்கு அஞ்சி ஓடும் பூச்சிகளுக்காகவே பறவைகள் வந்திருக்கின்றன. கிளையிலிருந்து பழம் விழுந்தால் மேலே சிலந்திக் குரங்கு இருக்கலாம். சிந்தியதைப் பொறுக்கக் கீழே அகூட்டி என்ற கொறிவிலங்கு வரலாம். கோஸ்டா ரிக்காவின் நான்கு குரங்கினங்களும் இங்கே உண்டு. அவற்றில் ஊளைக் குரங்கு மட்டும் தேடும் வேலை வைக்காது. விடியலில் அது போடும் சத்தம் நங்கூரமிட்ட கப்பலின் மேல்தளம் வரை கேட்கும்.

செம்பஞ்சவர்ணக்கிளிகளைக் காணக் காட்டின் உள்ளே போகவே வேண்டாம். கடற்கரையோர மரங்களில் அவை கொட்டைகளை உடைத்துத் தின்றுகொண்டிருக்கும். அந்த மரம் நம்மூர்த் தெருக்களில் நிற்கும் அதே நாட்டு வாதுமை. ஆசியாவிலிருந்து போய் அங்கே வேரூன்றியது.

இந்தக் காடு தானாகப் பிழைத்ததல்ல. மரம் வெட்டும் ஆபத்து நெருங்கியிருந்த நிலையில், 1975இல் அதிபர் டேனியல் ஓதுபெரின் அரசு இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. உள்ளே புகுந்திருந்த தங்கம் தோண்டுவோர் 1986இல் வெளியேற்றப்பட்டனர். 2014 முதல் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் நுழைய முடியாது. பனாமாவின் கோய்பா தீவின் கதை இன்னும் விசித்திரமானது. 1919இல் தண்டனைத் தீவானது. கைதிகளுக்குப் பயந்து வெளியார் அண்டவில்லை, காடு தப்பியது. சிறை 2004இல் மூடப்பட்டது; மறு ஆண்டே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் தீவு இடம்பெற்றது. பனாமாவின் பிற பகுதிகளில் அருகிவிட்ட செம்பஞ்சவர்ணக்கிளி அங்கே இன்றும் கூட்டமாகப் பறக்கிறது.

காவலாக இருந்த அச்சம் போய்விட்டது. இப்போது காவல் எண்ணிக்கைதான். அறுபது, நூறு பேர் வரும் கப்பலில் சிறு குழுக்களாகப் பிரிந்து, வெவ்வேறு பாதையில், வெவ்வேறு நேரத்தில் நடக்கலாம். ஆயிரம் பேரை இறக்கும் கப்பலால் அது முடியாது. இப்படியொரு பயணத்துக்குப் பணம் கட்டும் முன் அறையின் அளவை விசாரிப்பதைவிட, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், அலை மிஞ்சினால் இறங்குவதை ரத்து செய்வார்களா என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று தயங்காமல் சொல்லும் கப்பலில் ஏறுங்கள்.