கரண்டு திரும்பி வரும் வழி

முடிச்சூரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றுகொண்டிருந்தது. 1961 முதல் நம் சென்னையிலேயே, ஸ்டாண்டர்டு கம்பெனியில் தயாரான வண்டி. தாத்தா அங்கே ஃபிட்டராக இருந்தவர். 2015 டிசம்பர் 1-இல் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டி, அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள் புகுந்ததே, அப்போது வண்டி ஸ்டியரிங் வரை முழுகியது. பிறகு பாடி முழுக்கத் துரு, பொத்தல். "காயலான் கடைக்குப் போட்டுடலாம்ப்பா" என்று அப்பா ஆரம்பித்தாலே தாத்தா பேசாமல் எழுந்து உள்ளே போய்விடுவார்.

ஆனால் சேஸிஸ் கெட்டியாக இருந்தது. இன்றைய கார்களில் பாடியும் சேஸிஸும் ஒன்றுதான். ஹெரால்டில் இரண்டும் தனித்தனி; போல்ட்டைக் கழற்றினால் பாடி தனியாக வந்துவிடும். அதனால்தான் பிரிட்டனில் 1970-களில் ஹெரால்டு சேஸிஸ் மேல் வேறு பாடி ஏற்றி, வீட்டிலேயே கிட் கார் செய்தார்கள். ஜென்ட்ரி என்று ஒரு கிட், 1950-களின் எம்.ஜி. டி.எஃப். காரை அப்படியே உரித்து வைத்தாற்போல் இருக்கும். படத்தைப் பார்த்ததும் தாத்தா, "இதையே செய்டா" என்றார். கிட் வாங்க இங்கே கடை ஏது? ஃபைபர் வேலை தெரிந்த மாமா ஒருவர் அச்சு எடுத்துக் கொடுத்தார். பாடி ஏற, இரண்டு செமஸ்டர் லீவு போயே போச்சு. அந்தக் கதையை எழுதினால் மலர் முழுக்க எனக்கே வேண்டும்!

வம்பு அப்புறம்தான் வந்தது. ஸ்டார்ட்டரைத் தட்டினால் இன்ஜின் சோம்பேறித்தனமாக அரைச் சுற்று சுற்றி நிற்கும். மூன்றாவது தடவை சோக் கேபிளிலிருந்து குபுகுபுவென்று புகை! ஃபைபர் பாடி, பக்கத்தில் பெட்ரோல். "ஞாயித்துக்கிழமை காயலான் கடைக்காரன் வர்றான்" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

பேட்டரியை மாற்றிப் பார்த்தோம், அதே கதை. தெரிந்த மெக்கானிக் ஸ்டார்ட்டரை ரீவைண்டிங் பண்ணச் சொன்னார். இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 'பீப்' என்று கத்துகிறது, எர்த் சரி என்கிறது. தாத்தா திண்ணையிலிருந்தே கேட்டார்: "போற கரண்டைப் பார்த்தே. திரும்பி வர்ற கரண்டு எந்த வழியா வருது?"

இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங் மேல். ரப்பரில் கரண்டு போகாது. அதற்காக இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கு ஒரு பின்னல் செம்புப் பட்டை போட்டிருப்பார்கள். வெள்ளத்துக்குப் பிறகு அது எங்கள் வண்டியில் இல்லவே இல்லை. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்டு வேறு வழியில்லாமல் மெல்லிய சோக் கேபிள் வழியாகத் திரும்பியிருக்கிறது. பின் ஏன் புகையாது?

மீட்டர் ஏன் ஏமாற்றியது? அதுவும் அந்தக் கேபிள் வழியாகத்தான் கத்தியது. 0.04 ஓம் சாதாரண மீட்டருக்குப் பூஜ்யம் மாதிரிதான். ஆனால் நூறு ஆம்பியர் ஓடினால், ஓம் விதிப்படி அதே இடத்தில் 4 வோல்ட் தொலைந்துபோகும்! ஆகவே லோடு இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். சோக் கேபிளைத் தொடாமல், பேட்டரி நெகட்டிவிலும் இன்ஜின் பிளாக்கிலும் மீட்டர் முனையை வைத்து, தம்பியை ஒரே ஒரு நொடி ஸ்டார்ட்டரைத் தட்டச் சொன்னேன். 3.8 வோல்ட். புதுப் பட்டை போட்ட பிறகு 0.2. உர்ரென்று இன்ஜின் எழுந்தது.

ஹெட்லைட் மங்கல், இண்டிகேட்டர் போட்டால் ஹாரன் முனகல், இவையும் அதே ஜாதி நோய்தான். இரும்பு பாடியில் பாடியே எர்த். ஃபைபரில் ஒவ்வொரு பல்புக்கும் தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டும். அதற்கே ஒரு வாரம்.

வண்டி ரோட்டுக்கு வராது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அதனால் என்ன? ஹெரால்டு 25 அடி வட்டத்தில் திரும்பும், எங்கள் வாசல் 30 அடி. ஞாயிற்றுக்கிழமை காயலான் கடைக்காரர் வந்தபோது தாத்தா நாலாவது ரவுண்டில் இருந்தார். பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் புஷ் 'கிறீச்' என்கிறது. பொங்கல் லீவில் அதைப் பார்க்க வேண்டும்.