பாதயாத்திரையில் படித்த பாடம்

எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்கு நடந்தே வருவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான். ஆகவே அந்த வேண்டுதலில் எனக்கும் பங்குண்டு என்று கருதி, சென்ற ஆண்டு இரண்டு நண்பர்களுடன் நானே முந்திக்கொண்டு புறப்பட்டேன்.

பௌதிகம் படிக்கிற மாணவன் அல்லவா, முதலில் கணக்குப் போட்டேன். தூரம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நாளுக்கு ஏழு மணி நேரம் நடந்தால் நான்காம் நாள் மலையடிவாரம். கணக்கு சரிதான், கால்தான் ஒத்துக்கொள்ளவில்லை. மத்தூர் தாண்டியதும் பாதத்தில் கொப்புளம். ஊத்தங்கரையில் அது உடைந்தது. தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸில் வீடு திரும்பினேன்.

இந்த ஆண்டு, தானே நடக்கப்போவதாக அம்மா சொன்னாள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை செய்பவள். வீங்கிய காலோடு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குபவள். வேண்டாம் என்று தடுக்க எனக்கு வாய் வரவில்லை. எங்கிருந்து நடப்பது என்று மட்டும் யோசித்தேன்.

வழியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தேன். ஊத்தங்கரை வரை தூரம் அதிகம். அதை நானே அறிவேன். சிங்காரப்பேட்டைக்கு அப்பால் செங்கம் கணவாய். 1767-இல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதிய பகுதி அது. மலையும் காடும் நெருங்கிவரும் வழியில் கால் தளர்ந்தால் உட்காரத் திண்ணை கிடைப்பது அரிது. செங்கத்திலிருந்து திருவண்ணாமலை வரை சுமார் 35 கிலோமீட்டர். பெரும்பாலும் சமதளம், இடையிடையே ஊர்கள், டீக்கடைகள், முடியாவிட்டால் கைகாட்டி ஏறப் பஸ். முதன்முதலாக நடப்பவருக்கு இதுவே தகும். நாளுக்கு 12 கிலோமீட்டர், மூன்று நாள் என்று முடிவு செய்தேன்.

கார்த்திகை தீபத்தன்று ஊர் கொள்ளாத கூட்டம் இருக்கும். ஆனால் மலையுச்சியில் ஏற்றிய தீபம் 11 நாட்கள் எரியும். ஆகையால் கூட்டம் கலைந்தபின் புறப்படலாம் என்றேன்.

“பாதி வழியில சேந்தா சாமிய ஏமாத்தற மாதிரி ஆகாதா கண்ணு?” என்றாள் அம்மா.

ஸ்பெயின் நாட்டில் சந்தியாகோ என்ற திருத்தலத்திற்குப் பல நூறு கிலோமீட்டர் நடந்து வருகிறார்கள் என்றும், கடைசி 100 கிலோமீட்டர் நடந்தவர்களுக்கும் யாத்திரைச் சான்றிதழ் உண்டு என்றும் சொன்னேன். “அந்த ஊரு சாமிக்கும் மனுசங்க கால் நோவு தெரியுது” என்று சிரித்தாள்.

காலை ஐந்து மணிக்கு நடை. எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலப்புறம். பத்து மணிக்குள் ஓய்வு. வெறுங்காலோடுதான் நடப்பேன் என்றவள், முதல் நாளே ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டாள். இரண்டாம் நாள் இரவு நாங்கள் படுத்திருந்த கோயில் திண்ணையிலிருந்து தீபம் சிறு பொட்டாகத் தெரிந்தது. அம்மா கும்பிட்டாள். பிறகு என் பாதத்தைத் தடவிப் பார்த்து, “கொப்புளம் இருக்கா?” என்றாள்.

முதல் தலைமுறைப் பட்டதாரி என்று படிவங்களில் எழுதும்போதெல்லாம், நெடுவழியை நானே தொடங்கியதாக ஒரு கர்வம் எனக்குண்டு. அன்றிரவு அது கரைந்தது. மேடும் காடுமான முன்பகுதியை அப்பாவும் அம்மாவும் நடந்து முடித்து, சமதளத்தை எனக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். நான் செங்கத்தில் சேர்ந்துகொண்டவன்.

மாணவ நண்பர்களே, எளிய பகுதியில் தொடங்குவது இழுக்கல்ல. மூன்றாம் நாள் அம்மா தன் காலாலேயே நடந்து கோபுர வாசலை அடைந்தாள். அடுத்த ஆண்டு சிங்காரப்பேட்டையிலிருந்து நடக்கலாம் என்று இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டாள்.