தண்ணீர் இறங்கும் நேரம்

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தண்ணீர் பின்வாங்கிப் போயிருந்த சேற்றுக் கரையில் வட்ட வட்டமாகக் குழிகள் கிடந்தன. சாப்பாட்டுத் தட்டை மண்ணில் அழுத்தி எடுத்ததுபோல எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு.

"திலாப்பியாவோட கூடு தம்பி. ஆம்பள மீன் வாயால தோண்டும். போன கெழமை இங்க முழங்கால் தண்ணி கெடந்துச்சு" என்றார் என்னைக் கூட்டிவந்த பெரியவர்.

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் கவ்வாத்து வெட்டியவர் அவர். ஓய்வுக்குப் பிறகு வலையே பிழைப்பு. வேலையிலிருந்த காலத்திலும் அந்தியில் வலை விரித்து, விடியலில் எடுத்து, வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு ஓடியவர்தான். பெண் திலாப்பியா முட்டையை வாயில் அடைகாத்துக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் குழி காய்ந்தாலும் எல்லா முட்டையும் சாவதில்லை. "ஆனா ஐயா..." என்று நான் தொடங்குமுன் அவரே முடித்தார்: "குழி தோண்டுறப்பவே தண்ணி எறங்கிட்டா முட்டையே இல்லையே தம்பி. திரும்ப வேற எடம் பாத்துத் தோண்டணும். அங்கயும் எறங்கும்."

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட் வழியாக இறங்கிவரும் கெசல்கமுவ ஓயா என்ற ஆற்றை மறித்துக் கட்டியது காசல்ரீ. 1965 முதல் இந்தத் தண்ணீர் சுரங்கம் வழியே விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போகிறது. அங்கே 50 மெகாவாட். வெளியேறும் நீர் நோர்ட்டன் குளத்தில் தேங்கி, மறுபடி குழாயில் இறங்கிப் பழைய லக்ஷபான மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் மஸ்கெலி ஓயாவுக்கும் இதே கதை: மவுசாகலை, கெனியன், லக்ஷபான. 1960களின் கடைசியில் மவுசாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது. கடும் கோடையில் அதன் வழிபாட்டுத் தலங்கள் இன்றும் வெளியே தெரிகின்றன. இரண்டு ஓயாக்களும் சேர்ந்துதான் களனி கங்கை. இந்த மலைநீரிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். அது பெரிய மனதின் கணக்கு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்தபோது தோட்ட லயத்துப் பிள்ளைகளும் இருட்டில்தான் கிடந்தார்கள்.

அந்தியில் பெரியவர் வலை விரிப்பதைப் பார்த்தேன். லொறி டியூபை ஊதி, அதன் நடுவே பலகை கட்டி, கால்களை நீரில் விட்டு உட்கார்ந்துகொண்டார். துடுப்பென்று எதுவும் இல்லை. கைக்கு ஒன்றாக இரண்டு தகரத் தட்டுகள், அவ்வளவுதான். வலையை மடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிட்டபடி, ஒவ்வொரு பிடிக்கும் கண்ணியை விரலால் இழுத்து அளந்தார். உள்நாட்டு நீர்நிலைகளில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணி கூடாது என்பது சட்டம். சிறுகண்ணி போடுகிறவனை அவருக்குப் பிடிக்காது. "குஞ்ச அள்றவன் நாளைக்கு எதை அள்ளுவான்?" அடியில் மூழ்கிய மரக்குத்திகள் எங்கெங்கே நிற்கின்றன என்று அவருக்கு மனப்பாடம். கரையில் மூன்று பாறைகளை அடையாளம் வைத்திருக்கிறார். எந்தப் பாறை நனைந்திருக்கிறது என்று பார்த்தே எந்தக் குத்திக்கு மேல் வலை போகலாம், எதைச் சுற்றிப் போக வேண்டும் என்று முடிவெடுக்கிறார். இதை எவரும் எழுதிவைக்கவில்லை. எந்த ஊரிலும் இதை நான் தொழில்நுட்பம் என்றுதான் சொல்வேன்.

காசல்ரீ பெரியது. அங்கே மட்டம் நாட்கணக்கில் இறங்கும், மனிதர் சமாளித்துக்கொள்வார். சிறிய குளங்களில் மணிக்கணக்கில் ஏறி இறங்கும். நோர்ட்டன் பிரிட்ஜ் தேநீர்க் கடையில் சந்தித்த வலைக்காரர் அதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் அடங்கவில்லை. இரவு ஏழு மணிக்கு வலை போட்டிருக்கிறார். நாடெங்கும் விளக்கு எரிந்து தொலைக்காட்சி ஓடும் நேரம் அது, மின்தேவை உச்சத்துக்குப் போகும் நேரம். மின்நிலையம் முழு வேகத்தில் ஓட, குளம் இறங்கியது. விடிந்தபோது வலை ஒரு குத்தியில் காய்ந்து தொங்கியது, சிக்கிய மீனைக் காகம் கொத்திக்கொண்டிருந்தது. கிழிந்த வலையின் விலை அவருக்கு நாலைந்து நாள் கூலி.

"தண்ணி எடுக்க வேணாம்னு நான் சொல்லலீங்க. எப்ப எடுப்பாங்கன்னு சொன்னா நான் வலைய வேற நேரம் போட்டுக்குவேன்."

நான் போன இடமெல்லாம் கேட்டது இதைத்தான். எவ்வளவு தண்ணீர் என்பதைவிட எந்த நேரத்தில் என்பது. ஆற்றுமீனும் ஆற்றில் நிற்கிற மனிதனும் நேரத்தை வைத்து வாழ்கிறவர்கள். அந்த நேரம் இப்போது ஆற்றிடம் இல்லை.

தலவாக்கலையில் இந்த நேரப் பிரச்சினை இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. மேல் கொத்மலைத் திட்டத்தைப் பற்றிய சண்டை 1990கள் முழுக்க நடந்தது. அருவிகள் வற்றிவிடும் என்பதே அதில் பெரிய குரல். கடைசியில் ஜப்பானியக் கடனுதவியோடு திட்டம் வந்தது. நகரத்தை ஒட்டியே அணை, அங்கிருந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கம், நியம்கம்தொரவில் நிலத்தடி மின்நிலையம், 150 மெகாவாட். 2012இல் ஓடத் தொடங்கியது. சென் கிளையர் அருவி முழுதாகச் சாகாமல் இருக்க, பகலில் ஒரு பங்கு நீரைத் திறந்துவிட ஒத்துக்கொண்டார்கள். அருவிக்காகப் போராடியவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பங்கும் கிடைத்திருக்காது.

அருவிக்குக் கீழே பாறை மடுவொன்றில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இளைஞர் பகலில் கொழுந்து நிறுக்கிறவர். பாண் துண்டைப் பிசைந்து, அதில் கொஞ்சம் மஞ்சள் தூள் சேர்த்து, பயறு அளவுக்கு உருட்டி முள்ளில் ஏற்றினார். நுரை சுழன்று திரும்புகிற இடத்தில் மட்டுமே போட்டார்.

"பகல்ல விடுற தண்ணி அருவியப் பாக்க வர்றவங்களுக்கு அண்ணே. விலாங்கும் கெளுத்தியும் ராவுலதான் மேயும். ராவுக்கு யாரு கேட்டாங்க?"

அவர் சொன்னதை நான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணால் காணும் அழகுக்கு வழக்காட ஆள் இருந்தது. கறிச்சட்டிக்கு வழக்காட ஆள் வரவில்லை. லயத்து வீடுகளில் கடல்மீன் என்பது லொறியில் ஐஸ் உருகி வந்து சேர்வது. மற்ற நாட்களில் கருவாடு, நெத்தலி, ரின்மீன். ஓயாவில் பிடித்த இரண்டு மீன்தான் பிள்ளைக்குக் கிடைக்கும் புதுமீன்.

விலாங்கின் கதை எல்லாவற்றிலும் மோசம். அது முட்டையிடக் கடலுக்குப் போக வேண்டும். அதன் குஞ்சுகள் கடலிலிருந்து ஆறேறி மலைக்கு வர வேண்டும். களனி வழியே வருவதானால் கித்துல்கலப் பக்கம் 35 மெகாவாட் புரோட்லேண்ட்ஸ் அணை தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தடை. தன் இளவயதில் கைத்தடிமன் விலாங்கு பிடித்ததாகப் பெரியவர் சொன்னார். அவருடைய பேரன் விலாங்கைப் பார்த்ததே இல்லை.

மீன் குறைந்ததற்குப் பெரிய அணைகள் மட்டும் காரணமில்லை. தேயிலைத் தொழிற்சாலைகள் வெள்ளைக்காரன் காலத்திலேயே சிறு ஓடைகளில் சுழலி வைத்திருந்தன. 1996இல் டிக் ஓயாவில் ஒரு மெகாவாட்டுக்கும் குறைந்த தனியார் சிறு மின்நிலையம் தேசிய மின்கட்டமைப்போடு இணைந்தது, அதன் பின்னால் வரிசையாகப் பல. தடுப்பணைக்கும் மின்நிலையத்துக்கும் நடுவில் ஓடை பாறையாகிவிடுகிறது. அப்புறம், கெசல்கமுவ ஓயாவில் களவாக மாணிக்கக்கல் தோண்டுகிறவர்கள் கலக்கும் சேறும் காசல்ரீயில்தான் வந்து படிகிறது. மலைமேலிருந்து மருந்தும் உரமும் மழையோடு இறங்குகின்றன. அரசும் கைவிட்ட காலம் உண்டு: மத காரணத்தைச் சொல்லி 1990இல் உள்நாட்டு மீன்பிடிக்கான உதவியை நிறுத்தி, 1994இல்தான் திரும்பத் தந்தார்கள். இப்போது நீர்த்தேக்கங்களில் குஞ்சு விடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் ஓயாவில் தூண்டில் போடுகிற தோட்டத் தொழிலாளியை மீனவன் என்று எந்தப் பதிவேடும் எழுதுவதில்லை. வலை கிழிந்தால் நட்டஈடு கேட்க அவனிடம் ஒரு காகிதமும் கிடையாது.

பிறகொரு மாலை பெரியவரின் லயத்து வாசலில் நான் சந்தித்தவர்கள் சிலர் கூடினார்கள். மழைக்காலத்தில் வான்கதவு திறக்குமுன் தாழ்நிலப் பகுதி மக்களுக்கு எச்சரிக்கை வருகிறதல்லவா, அதே வழியில் குளம் இறக்கும் நேரத்தையும் முதல் நாளே சொல்ல வேண்டும் என்றார் நோர்ட்டன்காரர். அருவிக்கு விடும் நீரில் ஒரு பகுதி இரவிலும் ஓட வேண்டும் என்றார் தலவாக்கலை இளைஞர். கொழுந்து எடுக்கிறவரானாலும் வலை வைத்திருந்தால் மீனவராகப் பதிய வேண்டும் என்பது பெரியவரின் கோரிக்கை. தமிழில் நான் எழுதினேன், சிங்களத்தில் அவர் பேரன் எழுதினான். "தண்ணி தாங்கன்னு எழுதாத, நேரத்தச் சொல்லுங்கன்னு எழுது" என்று பெரியவர் அவனை ஒரு வரியைத் திருத்த வைத்தார். கையெழுத்து வாங்கிய தாளை, திங்கட்கிழமை ஹட்டனுக்குப் போகும் முதல் பஸ்ஸில் இளைஞர் கொண்டுபோவதாக முடிவானது.