வளரும் பருவத்து எலும்பு

எலும்பை உயிரற்ற கழியென எண்ணுவது நம்மில் பலருக்கு வழக்கம். ஆனால் அது உயிருள்ள திசுவாகும். பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும் புதியதை ஆக்கும் உயிரணுக்களும் அதனுள் ஓயாது உழைக்கின்றன. வளரும் பருவத்தில் ஆக்கம் கரைவை விஞ்சி நிற்கும். உயரம் மிக விரைந்து கூடும் வேளையையொட்டிய இரண்டாண்டுகளில் மட்டும், முதிர்ந்த உடலின் எலும்புத் தாதுவில் ஏறத்தாழக் கால் பங்கு சேர்ந்துவிடுகிறது.

அதே பருவத்தில்தான் சில பிள்ளைகளின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து திருகத் தொடங்குகிறது. மருத்துவர் இதனை ஸ்கோலியோசிஸ் என்பர். எக்ஸ்ரே படத்தில் வளைவு 10 பாகையை எட்டினால் இந்நோயெனக் கொள்வர். நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது காணப்படுகிறது. வளைவு பெரிதாகும் நிலைக்குச் செல்வோரில் பெண் பிள்ளைகளே மிகுதி. பெரும்பாலோர்க்குக் காரணம் இன்னதென்று துணியப்படவில்லை. புத்தகச் சுமையோ கூனி உட்காருவதோ இதனை உண்டாக்குவதில்லை.

நம் உறவினர் வீட்டில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு இக்குறை நேர்ந்தது. பெருநாள் உடைக்கு அளவெடுத்த தையற்காரப் பெண்மணியே அவளது ஒரு தோள் உயர்ந்திருப்பதை முதலில் கண்டவர். "மெல்லப் பேசுங்கள். பெண் பிள்ளை, வெளியில் தெரிந்தால் நாளைக்கு யார் கேட்டு வருவார்கள்?" என்றாராம் உம்மா. அடுத்த எட்டு மாதங்கள் துப்பட்டாவை இழுத்து மூடுவதிலும், "நிமிர்ந்து உட்கார்" என்று அதட்டுவதிலும் கழிந்தன. மருத்துவரிடம் சென்றபோது வளைவு 30 பாகையைத் தாண்டியிருந்தது. அவர் முதுகைப் பார்த்ததோடு நில்லாமல், சிறுமியின் எடையைக் குறித்தார். என்ன உண்கிறாள், வெயிலில் எவ்வளவு நேரம் இருக்கிறாள் என்றும் கேட்டார். முதுகு வளைவுக்கு இவ்விசாரணை எதற்கென வீட்டார் வியந்தனர். நமக்கும் அவ்வியப்பு எழுந்தமையால் அதுபற்றிப் படித்தறிய முற்பட்டோம்.

ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இத்தகைய சிறுமியரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்கு எலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதைக் கண்டனர். அடர்த்தி குறைந்தோரின் வளைவு மேலும் கூடும் வாய்ப்பு மிகுதி என்பதையும் 2005-இல் வெளியிட்டனர். இச்சிறுமியர் ஒத்த வயதினரைவிட மெலிந்திருப்பதும் பல ஆய்வுகளில் தெரிந்தது. கொழுப்புத் திசுவில் சுரந்து, பசியோடும் எலும்பாக்கத்தோடும் தொடர்புகொண்ட லெப்டின் என்னும் ஹார்மோன் இவர்தம் குருதியில் குறைந்திருப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2007-இல் அறிவித்தனர். எலும்பின் நலிவு வளைவுக்குக் காரணமா, உடன் வருவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆயினும் உடலின் வளர்சிதை மாற்றத்தை விடுத்து முதுகை மட்டும் பார்ப்பது போதாதென்பது விளங்குகிறது.

இதனால், சுண்ணச்சத்து உண்டால் வளைவு நிமிர்ந்துவிடும் என்று எவரும் ஏமாற வேண்டா. வளைவைத் தடுப்பதற்கு உரிய வயதில் அணியும் முதுகுப் பட்டையே துணை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், பட்டை அணிந்தோரில் 72 விழுக்காட்டினர் அறுவை மருத்துவத்துக்குரிய எல்லையை எட்டாமலே வளர்ச்சியை நிறைவு செய்தனர். அணியாதோரில் 48 விழுக்காட்டினரே அவ்வாறு தப்பினர். உணவின் பணி எலும்பை வளமாக்குவது. 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணச்சத்து வேண்டுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்தது. பாலும் தயிரும், கேழ்வரகும், முள்ளோடு உண்ணும் நெத்திலியும் அதற்குக் கைகொடுக்கும். அச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். பருவமெய்திய பெண்ணை முற்றத்துக்கும் அனுப்பாத வீடுகள் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

அச்சிறுமி இப்பொழுது பட்டையணிந்து பள்ளிக்குச் செல்கிறாள். வளைவு மேலும் கூடவில்லை. ஆனால் இழந்த எட்டு மாதங்களை எவராலும் மீட்டுத்தர இயலாது. பிள்ளைகளைப் பெற்றோர், கால்களைச் சேர்த்து நின்று முன்புறம் குனியச் சொல்லி அவர்தம் முதுகை ஆண்டுக்கு இருமுறையேனும் நோக்குவார்களாக. ஒரு பக்கம் மேடிட்டிருந்தால் உடனே மருத்துவரை நாடுக. கேட்டு வருவோரைப் பற்றிய கவலைக்கு இன்னும் காலமிருக்கிறது; எலும்பின் வளர்ச்சிக்கோ அத்தனை காலம் இல்லை.